சூடு சேர்ந்தால் கீமோ மருந்து கூடுதலாக வேலை செய்யுமா?

கனகராயன்குளத்தான்:
எனது சின்னம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். தெல்லிப்பழை வைத்தியசாலையில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். மருந்தைச் சூடாக்கி வயிற்றுக்குள் விட்டால் புற்றுக் கலங்கள் அதிகம் சாகும் என்று கனடாவிலுள்ள உறவினர் சொன்னதிலிருந்து, வயிற்றுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்துப் பார்ப்போமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. சூடு மருந்துக்கு எப்படித் துணைபோகிறது?

நெடுங்கேணி மருந்தாளர்:
உறவினர் சொன்ன சிகிச்சை உண்மையில் உள்ளது, ஹைபெக் என்பார்கள். கட்டிகளை வெட்டியகற்றிய கையோடு, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, சுமார் 40 முதல் 43 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய மருந்துக் கரைசலை வயிற்றறைக்குள் சுற்றோட விடுவார்கள். சிஸ்பிளாட்டின் கலத்தின் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்து முடிச்சுப் போடுகிறது; கலமோ தன் பழுதுபார்க்கும் புரதங்களைக் கொண்டு அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறது. சூடு கைகொடுப்பது இந்த இடத்தில்தான்: 41 பாகையைத் தாண்டும்போது, பழுதுபார்ப்பில் முக்கிய பங்குள்ள பி.ஆர்.சி.ஏ.2 என்ற புரதம் சிதைவதால், மருந்து ஏற்படுத்திய சேதம் சீராகாமல் கலம் மடிகிறது. கல மென்சவ்வு இளகி மருந்து கூடுதலாக உட்புகுவதும் உண்டு. ஆனால் எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. மைற்றோமைசினுக்குச் சூடு நன்றாக உதவும், மெதோட்ரெக்சேற்றுக்கு அவ்வளவாக உதவாது. நேரமும் முக்கியம். முன்கூட்டியே சூடுபட்ட கலம் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்கி, சில மணி நேரத்தில் சூட்டைத் தாங்கப் பழகிவிடும்.

வவுனியா தாதி:
பலன் எல்லா நோயிலும் ஒரேமாதிரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மூன்றாம் நிலைச் சூலகப் புற்றுநோயாளரின் இடைநிலை ஆயுட்காலம் சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 33.9 மாதங்களாகவும், அதனுடன் சூடான சிஸ்பிளாட்டினும் பெற்றவர்களில் 45.7 மாதங்களாகவும் இருந்தது. பெருங்குடல் புற்று வயிற்றறைக்குப் பரவியவர்களுக்கு ஒக்சாலிப்பிளாட்டின் என்ற மருந்தை இதேபோலச் சூடாக்கிக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்விலோ ஆயுள் கூடவில்லை.

போத்தல் வேண்டாம். தோலுக்குக் கீழே போகும் சூட்டை இரத்த ஓட்டம் உடனே வாரிச் சென்றுவிடும்; உள்ளே 37 பாகைதான் இருக்கும். சிஸ்பிளாட்டின் ஏற்றுபவர்களுக்குக் கைகால் விறைத்துச் சுரணை குறைவதும் உண்டு என்பதால், தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியவரும்.

கனகராயன்குளத்தான்:
விளங்கிற்று, அக்கா. அப்படியானால் இந்தச் சித்திரை வெயிலில் உடம்பு சூடேறுவதும் உதவாதா?

வவுனியா தாதி:
உதவாது தம்பி, கெடுதல்தான் செய்யும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினால் அந்தத் தாக்கம் கூடும். வைத்தியர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், அதுவும் புற்றைக் கொல்லும் சூடுதானே என்று வீட்டில் வைத்திருக்காமல், இரவானாலும் பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், கீமோ ஏற்றுபவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.