வீட்டுக் குழுவில் யாருக்கு பிபி?

தம்பி: சித்தப்பா, இருக்கிறீர்களா? சென்சார் வாயே திறக்கவில்லை. எஸ்டிஎம்32 எஃப்103 என்கிற குட்டிக் கணினி போர்டு, ஐடூசி என்கிற இரண்டு வயர் இணைப்பில் பிஎம்இ280 சென்சார். நேற்றிலிருந்து ஒரு பைட்டுகூட வரவில்லை.

அம்மா: செடி அறைக்கு ஈரப்பதம் காட்டும் பெட்டி என்றாயே, அதுவா?

தம்பி: அதேதான் அம்மா.

சித்தப்பா: ரெடிமேட் லைப்ரரியா, நீயே எழுதியதா?

தம்பி: நானே. சிப்பின் அமைப்புகள் இருக்கும் நினைவு இடங்களில், ரெஜிஸ்டர் ரெஜிஸ்டராக.

நான்: இதில் பெருமை வேறு.

சித்தப்பா: படட்டும். வயரைப் பிடுங்காதே. டிபக்கரில் நிரலை நிறுத்தி, போர்ட் பி என்கிற பின் வரிசை எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் சிஆர்எல் ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று பார்.

தம்பி: எட்டும் பூஜ்யம். ஐடூசி வயர்கள் இருக்கும் பின் 6, 7 இரண்டுக்கும் எழுதியிருக்கிறேனே!

சித்தப்பா: நீ ஒன்றுமே எழுதாவிட்டாலும், ரீசெட் ஆனதும் அங்கே 44444444 தெரிய வேண்டும். முழுக்கப் பூஜ்யம் என்றால் அந்தப் போர்ட்டுக்கு கிளாக், அதாவது அதை இயக்கும் துடிப்பு, போகவில்லை. நீ எழுதியது எதுவும் உள்ளே ஏறியிருக்காது.

தம்பி: ஐடூசி1-க்கு கிளாக் கொடுத்தேனே?

சித்தப்பா: அது சிப்புக்குள் ஏபிபி1 என்கிற தடத்தில் இருக்கிறது. போர்ட் பி இருப்பது ஏபிபி2-இல். அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

தம்பி: ஐயோ, ஒரு வரி! இப்போது பிபி444444 வருகிறது.

அம்மா: யாருக்கு பிபி?

நான்: ரெஜிஸ்டருக்கு அம்மா.

சித்தப்பா: 😄 அண்ணி கேட்டது சரிதான், அந்த பிபி-தான் அடுத்த நோய். பி என்றால் புஷ் புல், வயரை மேலும் கீழும் தானே தள்ளுவது. ஐடூசிக்குக் கீழே மட்டும் இழுக்கிற ஓபன் டிரெயின் வேண்டும். எஃப்எஃப்444444 வரும்படி மாற்று. மேலே இழுக்கிற ரெசிஸ்டர் சென்சார் பலகையிலேயே இருக்கிறதா?

தம்பி: இருக்கிறது, 4.7 கே. சும்மா இருக்கும்போது இரண்டு வயரிலும் 3.3 வோல்ட் காட்டுகிறது.

சித்தப்பா: சரி, ஓடவிடு.

தம்பி: இப்போது வேறு மாதிரி. முகவரி அனுப்பும் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது.

சித்தப்பா: முகவரி என்ன எழுதினாய்?

தம்பி: ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்ணில், 76.

சித்தப்பா: அது ஏழு பிட் முகவரி. ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி அனுப்ப வேண்டும், கடைசி பிட் படிப்பதா எழுதுவதா என்று சொல்ல. 76-ஐ அப்படியே போட்டால் வயரில் 3பி என்கிற ஆளைத்தான் கூப்பிடுகிறாய். அப்படி யாரும் இல்லை. சென்சாரோடு பேச நீ எழுதிய டிரைவரோ, பதில் வந்ததைச் சொல்லும் 'ஏடிடிஆர்' கொடி ஏறும்வரை காத்திருக்கிறது, இல்லையா? பதில் வராவிட்டால் ஏறுவது 'ஏஎஃப்' கொடி. அதையும் பார்த்து, இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்கிற ஒரு டைம்அவுட்டும் வை. என்னைக் கேட்டால் டைம்அவுட் இல்லாத டிரைவரை எழுதவே கூடாது.

தம்பி: வந்துவிட்டது!!! வெப்பநிலை 5,21,344!

அம்மா: செடி என்னத்துக்கு ஆகும்?

சித்தப்பா: பயப்படாதீர்கள் அண்ணி, அது பச்சை எண், இன்னும் திருத்தாதது. ஒவ்வொரு சிப்புக்கும் அதன் திருத்தக் கணக்கு உள்ளேயே எழுதியிருக்கும். ஹெக்ஸில் 88-ஆம் ரெஜிஸ்டரிலிருந்து படித்து, டேட்டாஷீட்டில் உள்ள சூத்திரத்தில் போட வேண்டும்.

(அரை மணி நேரம் கழித்து)

தம்பி: 25.5 டிகிரி, அழுத்தம் 1006 ஹெக்டோபாஸ்கல். ஈரப்பதம் மட்டும் அசையவே இல்லை. வாயால் ஊதிக்கூடப் பார்த்தேன்.

சித்தப்பா: சிப்பின் ஐடி, அதாவது அடையாள எண், இருக்கும் ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரைப் படி. 60 வந்தால் பிஎம்இ280.

தம்பி: 58.

சித்தப்பா: போச்சு. அது பிஎம்பி280. வெப்பநிலையும் அழுத்தமும் மட்டும்தான், ஈரப்பதம் அளக்கும் பகுதியே அதில் கிடையாது. இனிமேல் எந்த சிப் வந்தாலும் முதல் வேலை ஐடி படிப்பது.

தம்பி: பையில் பிஎம்இ என்று ஒட்டியிருந்தது!

நான்: ஸ்டிக்கரை நம்பி இரண்டு நாள்.

அம்மா: அப்போது என் ஈரப்பதம்?

தம்பி: வேறு சென்சார் வந்ததும் அம்மா. முகவரி அதேதான், இந்த டிரைவரில் கொஞ்சம் சேர்த்தால் போதும்.

தாத்தா: 1006 என்றால் மழை வருமா?

சித்தப்பா: ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது அப்பா. மூன்று மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

தாத்தா: சரி, மூன்று மணி நேரம் கழித்துக் கேட்கிறேன்.