வெயிலில் துப்பிய ஜெர்மானியம் பெடல்

மொட்டைமாடி_கிட்டார்:
கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடலுக்குள் எந்த வகை டிரான்சிஸ்டர் போடுவது என்பது பற்றிப் பக்கத்துத் திரியில் ஒருவர் "ஃபஸ் என்றால் ஜெர்மானியம்தான், சிலிக்கான் எல்லாம் டப்பாவில் அடைத்த குளவி" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. போன மே மாதம் சென்னையில் திறந்தவெளி மேடை. காலை 8 மணிக்கு சவுண்ட் செக்கில் என் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் பாகு மாதிரி இழுத்தது. உள்ளே இருக்கிற இரண்டு டிரான்சிஸ்டரும் ஜெர்மானியம். மாலை 4 மணிக்கு முதல் சோலோ. ஸ்வரம் கிளம்பி அரை நொடிகூட ஆகவில்லை, 'ப்ர்ர்ட்' என்று துப்பிவிட்டு நின்றுவிட்டது. பெடலின் மூடியைத் தொட்டால் தோசைக்கல். அன்றோடு சிலிக்கானுக்கு மாறிவிட்டேன். சென்னையில் ஜெர்மானியம் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு ஃப்ரிட்ஜும் வாங்கிக்கொள்ளட்டும்.

சால்டர்_அண்ணாச்சி:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். ஒரே கேள்வி தம்பி. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? 9 வோல்ட்டில் அங்கே கிட்டத்தட்ட 4.5 இருக்க வேண்டும். வெயிலில் அது நகரும், நகர்ந்தால் துப்பும். ஒரு டிரிம்பாட் (ஸ்குரூ டிரைவரால் திருகும் குட்டி மின்தடை) போட்டுத் திருப்பினால் ஒரு நிமிட வேலை. பயாஸ் செய்ய, அதாவது அந்த வோல்ட்டேஜைச் சரியாக வைக்கத் தெரியாததற்கு ஜெர்மானியத்தைத் திட்டக் கூடாது.

மொட்டைமாடி_கிட்டார்:
மேடையில் டிரம்மர் எண்ணிக்கொண்டிருக்கிறான், எதிரே முந்நூறு பேர். அங்கே ஸ்குரூ டிரைவரும் மீட்டருமாகக் குந்த வேண்டுமா அண்ணாச்சி? என் பெடலில் இப்போது பிசி108 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர் இருக்கிறது. வெயிலிலும் அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

சால்டர்_அண்ணாச்சி:
நான் கேட்டது அதுவல்ல. மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா இல்லையா?

பேஸ்_மட்டும்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'வார்ம் டோன்', 'வார்ம் டோன்' என்று எல்லாத் திரியிலும் வருகிறதே, அப்படியென்றால் சரியாக என்ன? உச்ச ஸ்தாயி குறைவா, அலை மெதுவாக முறிவதா?

பௌதிகப்_பிரியன்:
மொட்டைமாடி சொல்வதில் தப்பில்லை. ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம், அதாவது டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் ஒழுகுவது, ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். காலையில் 28 டிகிரி, மாலையில் வெயில் குடித்த உலோக டப்பாவுக்குள் 48 என்றால் நான்கு மடங்கு. சிலிக்கானிலும் கசிவு கூடும்தான், ஆனால் அது தொடங்குவதே நானோ ஆம்பியரில். நான்கு மடங்கானாலும் யாருக்கும் தெரியாது.

சால்டர்_அண்ணாச்சி:
பாடம் எடுத்ததற்கு நன்றி சார். 2003-லிருந்து பெடல் கட்டுகிறேன், கசிவு என்னவென்று எனக்குத் தெரியும். கடையில் ஜெர்மானியத்தை மல்டிமீட்டரில் ஆதாயத்தை (டிரான்சிஸ்டர் எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை) அளக்கும் ஹெச்எஃப்இ துளையில் செருகி "150 காட்டுகிறது, அருமை" என்று வாங்கி வருகிறீர்களே, அதில் பாதி கசிவுதான். மீட்டர் அதையும் ஆதாயம் என்று எண்ணிக் காட்டும். கசிவைக் கழித்தால் 80 தேறும். முதல் இடத்துக்கு 70, 80, இரண்டாவதுக்கு 120 வாக்கில், கசிவு குறைந்த ஜோடியாகப் பொறுக்கிப் போட்டால் மே மாதமும் ஓடும். பொறுக்காமல் போட்டால் மார்கழியிலும் துப்பும். அதனால்தான் கேட்கிறேன், அந்த மேடையில் எத்தனை வோல்ட்?

டொராண்டோ_தந்தி:
அண்ணாச்சி கட்சிதான் நானும். இங்கே ஜனவரியில் காரின் டிக்கியில் கிடந்த ஜெர்மானியம் பெடலை எடுத்து மாட்டினால் முதல் கால் மணி நேரம் ஊமை. அறையின் சூடு ஏறினால் வழிக்கு வந்துவிடும். ஆனால் வால்யூம் விஷயத்தை யாருமே பேசவில்லையே? கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்கினால் ஜெர்மானியம் அப்படியே கண்ணாடி மாதிரி தெளியும். சிலிக்கானில் அது நடக்கவே நடக்காது.

பௌதிகப்_பிரியன்:
நடக்கும். 400-க்கு மேல் ஆதாயமுள்ள பிசி108சி போட்டுவிட்டு நடக்கவில்லை என்றால் எப்படி? 100 வாக்கில் இருக்கிற சிலிக்கானைப் போட்டுப் பாருங்கள், ஓரளவு தெளியும். இன்னொன்று, பெடலுக்கு முன்னால் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று) இருந்தால் எந்த டிரான்சிஸ்டரும் தெளியாது. ஃபஸ் ஃபேஸின் நுழைவாயில் கிட்டாரின் பிக்கப்போடு (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) நேராகப் பேச வேண்டும்.

டொராண்டோ_தந்தி:
'ஓரளவு'. அதைத்தான் சொன்னேன்.

ராமேஸ்வரம்_ரிஃப்:
சிலிக்கானுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஒரு நாள் ராத்திரி ஃபஸ்ஸை முழுக்கத் திருகிவிட்டுக் கையெடுத்தால் ஆம்பில் சிங்களப் பாட்டு. மத்திய அலை வானொலி அப்படியே உள்ளே வந்துவிட்டது. நல்ல பாட்டுதான்.

மொட்டைமாடி_கிட்டார்:
டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கும் பேஸ் காலுக்கும் நடுவே 100 பிகோ ஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் வானொலியும் போகும், குளவியும் போகும். சிலிக்கானின் குறைக்கு இரண்டு ரூபாய் மருந்து. ஜெர்மானியத்துக்கு என்ன மருந்து, குடையா?

சால்டர்_அண்ணாச்சி:
டிரிம்பாட். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

வுட்ஸ்டாக்_வேலு:
எதற்கு இந்த மீட்டர் சண்டை? கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தது ஜெர்மானியம். முடிந்தது.

பௌதிகப்_பிரியன்:
முடியவில்லை. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி விட்ட முதல் ஃபஸ் ஃபேஸில் ஜெர்மானியம், சரி. சில வருடங்களிலேயே அவர்களே சிலிக்கானுக்குப் போனார்கள், ஹென்ட்ரிக்ஸும் பிற்பாடு அதை வாசித்திருக்கிறார். பிங்க் ஃபிளாய்டின் கில்மர் எழுபதுகளின் தொடக்கத்திலேயே பிசி108. கிட்டாரிஸ்ட் எரிக் ஜான்சன் பிசி183. பேட்டரியை மாற்றினால் ஒலி மாறுகிறது என்று சொல்கிற காது அவருடையது, அவரே சிலிக்கான்தான் வைத்திருக்கிறார்.

வுட்ஸ்டாக்_வேலு:
பிற்பாடு என்றால் எந்தக் கச்சேரி, எந்தத் தேதி? படம் இருக்கிறதா? மூடியைக் கழற்றி?

பௌதிகப்_பிரியன்:
ஜெர்மானியத்துக்கு நீங்கள் முதலில் படம் காட்டுங்கள்.

மொட்டைமாடி_கிட்டார்:
சரி, கேட்டதால் சொல்கிறேன். துப்பிய அந்தப் பெடலில் இருந்த ஜோடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 2019-இல் இதே இடத்தில் 'பொறுக்கியெடுத்த ஜோடி, கேரண்டி' என்று போட்டு ஒருவர் விற்றார். அந்த ஒருவர் யார் என்று அண்ணாச்சிக்கு நினைவிருக்கும்.

சால்டர்_அண்ணாச்சி:
ஓஹோ. ஆறு வருடம் மனதில் வைத்திருந்தீர்களா? நான் கொடுத்தது ஏசி128 ஜெர்மானியம் ஜோடி, ஆதாயம் 78-க்கு 118, உறையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தேன். ஈயம் வைக்கும்போது சூடு உள்ளே ஏறாமல் டிரான்சிஸ்டரின் காலைக் குறடால் பிடித்தீர்களா? பிடிக்காமல் பத்து நொடி இரும்பை வைத்தால் ஜெர்மானியம் அங்கேயே செத்துவிடும். வெயில் கொல்லவில்லை தம்பி, நீங்கள் கொன்றீர்கள்.

மொட்டைமாடி_கிட்டார்:
செத்தது காலை 8 மணிக்கு எப்படிப் பாடியது? ஆவியா?

சால்டர்_அண்ணாச்சி:
அரை உயிர். அதனால்தான் வோல்ட்டேஜ் கேட்கிறேன்.

டொராண்டோ_தந்தி:
எனக்கும் அண்ணாச்சி ஒரு ஜோடி கொடுத்தார், இன்றுவரை குறையில்லை. விலைதான் கொஞ்சம்...

சால்டர்_அண்ணாச்சி:
விலையைப் பற்றித் தனிச்செய்தியில் பேசலாம். ஐம்பது வாங்கினால் எட்டு தேறும். மீதி நாற்பத்திரண்டை யார் தலையில் கட்டுவது?

ராமேஸ்வரம்_ரிஃப்:
அந்த நாற்பத்திரண்டில் இரண்டுதான் மொட்டைமாடிக்குப் போயிருக்குமோ?

சால்டர்_அண்ணாச்சி:
இப்படிப் பேசுவதானால் நான் இந்தத் திரியை விட்டுப் போகிறேன்.

சால்டர்_அண்ணாச்சி:
போவதற்கு முன் ஒன்று. பழைய ஜெர்மானியம் பெடல்களில் பாசிட்டிவ்தான் கிரவுண்டு, மற்றவற்றில் நெகட்டிவ். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சங்கிலியாக மாட்டினால் ஷார்ட். அதையும் செய்துவிட்டு வெயில் மேல் பழி போட்டவர்கள் உண்டு. யாரையும் குறிப்பிடவில்லை.

மொட்டைமாடி_கிட்டார்:
பேட்டரியில்தான் ஓட்டினேன்.

பேஸ்_மட்டும்:
வார்ம் டோன் என்றால் என்ன என்று...

வுட்ஸ்டாக்_வேலு:
படம் இன்னும் வரவில்லை.

பௌதிகப்_பிரியன்:
உங்களுடையதும்.

சால்டர்_அண்ணாச்சி:
தம்பி, பெடல் இன்னும் கையில் இருக்கிறதுதானே? இன்று வெயிலும் நன்றாக அடிக்கிறது. பத்து நிமிடம் மாடியில் வைத்துவிட்டு மீட்டர் வையுங்கள். எண்ணை இங்கே போடுங்கள், பேசிக்கொள்வோம்.

மொட்டைமாடி_கிட்டார்:
வைக்க முடியாது. மீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரியைத்தான் அன்றைக்குக் கழற்றிப் பெடலில் போட்டேன்.

சால்டர்_அண்ணாச்சி:
அல்கலைனா, ஜிங்க் கார்பனா?