நல்லம்மா வீட்டுப் பிள்ளைகள்

செல்வி: கவிக்கு நாக்குக்கு அடியில அந்தக் கட்டி திரும்ப வந்துருச்சு. இந்தத் தடவை சுரப்பியவே எடுக்கணும்ங்கிறாங்க. வெள்ளிக்கிழமை காலைல ஆபரேஷன். கூட யாராச்சும் வரணும்

கார்த்தி: திரும்பவா

ராஜம் பெரியம்மா: போன தடவைதான் கீறி விட்டாங்களே

செல்வி: கல்யாணத்துக்கு முன்னாடி சட்டுனு முடிக்கச் சொன்னது யாரு பெரியம்மா

ராஜம் பெரியம்மா: நல்லதுக்குத்தான் சொன்னேன்

முருகேசன்: அத விடுங்க. மாலா இருக்கியா?

மாலா: இருக்கேண்ணே. செல்வி, இது கேன்சர் கட்டி இல்ல. ரனுலான்னு பேரு, லத்தீன்ல குட்டித் தவளை. தவளை தொண்டைய உப்புன மாதிரி நீலம் பூத்து இருக்கும்ல, அதான். நாக்கடி எச்சில் சுரப்பி கிழிஞ்சு, எச்சில் சதைக்குள்ள கசிஞ்சு தேங்குது. கீறுனா வெள்ளைக்கரு மாதிரி கொழகொழன்னு வந்து வத்திரும். ஆனா கசியிற சுரப்பி உள்ளயே இருக்கே, அது சாப்பிடாத நேரத்துலயும் சுரக்கும். கீறல் மூடுனதும் மறுபடி உப்பும். பெரியம்மா அவசரத்தால வந்தது இல்ல

கார்த்தி: கவி குட்டித் தவளையா

செல்வி: டேய் அவகிட்ட சொல்லிராத

முருகேசன்: சுரப்பிய எடுத்தா வாய் காஞ்சிராதா

மாலா: காயாது. காதுக்கு முன்னாடி ரெண்டு, தாடைக்கு அடியில ரெண்டு இருக்கு. நாக்கடிச் சுரப்பி ரெண்டும் சேர்ந்து தர்றதே மொத்த எச்சில்ல 100க்கு 5 பங்குதான்

ராஜம் பெரியம்மா: கழுத்துல கீறுவாங்களா? பொம்பளப் பிள்ள

மாலா: வாய் வழியாத்தான். மயக்கக் குழாய மூக்கு வழியா விடுவாங்க, அப்பதான் வாய்க்குள்ள கை போக இடம் இருக்கும். கண்ணாடில நாக்கைத் தூக்கிப் பாருங்க, கீழ் முன்பல்லுக்குப் பின்னால மொட்டு மாதிரி ரெண்டு தெரியும். அது தாடைச் சுரப்பியோட குழாய் வாய். அதுக்குள்ள மெல்லிய கம்பி விட்டு வச்சுக்குவாங்க, குழாய் ஓடுற வழி கைக்குத் தட்டுப்படும். அதுலருந்து நாக்கடிச் சுரப்பியக் கொஞ்சங்கொஞ்சமா பிரிக்கணும். பின்னால கடவாய்ப்பல் கிட்ட, நாக்கு நரம்பு அந்தக் குழாய்க்கு அடியில புகுந்து உள்பக்கம் வரும். அங்கதான் நிதானம் வேணும். நரம்பு இழுபட்டா அந்தப் பக்க நாக்கு மரத்துப் போகும், பெரும்பாலும் சில வாரத்துலயோ மாசத்துலயோ சரியாயிரும். குழாய் தையல்ல மாட்டுனா சாப்பிடுறப்ப தாடைக்கடி வீங்கும்

கார்த்தி: பார்த்தேன் ரெண்டு மொட்டு இருக்கு!!

முருகேசன்: வெள்ளிக்கிழமைதான் காதுகுத்து வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். யாரு போறது

ராஜம் பெரியம்மா: போன தடவை வேன் காசே இன்னும் எனக்கு வரல முருகேசா

முருகேசன்: தர்றேன் பெரியம்மா

செல்வி: ஆபரேஷன் பத்திப் பேசுங்களேன்

ராஜம் பெரியம்மா: காலைல வெறும் வயிறா இருக்க வேண்டாம், பால் மட்டும் குடுத்துக் கூட்டிட்டுப் போ

மாலா: ஐயோ வேண்டாம் பெரியம்மா! பால் தண்ணி கணக்கு இல்ல, சோத்துக் கணக்கு. 6 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும். வெறும் தண்ணி மட்டும் 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும். மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குப் போயிரும்

ராஜம் பெரியம்மா: சரி சரி குடுக்கல

செல்வி: வீட்டுக்கு வந்தப்புறம்?

மாலா: முதல் நாள் ஆறுன கஞ்சி, குழைச்ச தயிர் சாதம். காரம், முறுக்கு கூடாது. மறுநாள்லருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்டப்புறம் எல்லாம் வாய் கொப்பளிக்கணும். காறித் துப்பக் கூடாது, சும்மா வாயைத் திறந்து வழிய விடச் சொல்லு. தையல் தானா கரையும். ஒண்ணே ஒண்ணு மறந்துராத: முதல் ராத்திரி உள்ள ரத்தம் கட்டி நாக்கு மேல தூக்குனாலோ, பேச்சு குழறுனாலோ, மூச்சுக்குச் சிரமப்பட்டாலோ விடியட்டும்னு இருக்காத. உடனே நர்ஸைக் கூப்பிடு. அதுக்குத்தான் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிலயே வைக்கிறது

செல்வி: சரிக்கா. ராத்திரி கூட யாரு இருக்கா?

கார்த்தி: நான் வரலாம், லீவு கேட்டுப் பார்க்கிறேன்

முருகேசன்: வேன் வேலை முடிஞ்சா நானும்

ராஜம் பெரியம்மா: தயிருக்கு நான் உறை ஊத்திர்றேன்