ஸ்டேப்ளர் அடிச்சதுல இருந்து கரண்ட் விழுது, ஆனா அந்த ஒயர் ஆஃப்லதான் இருக்கு – உதவி

நெல்லிக்கனி
அவசரம். ஹால்ல ஒயர் தரையில கிடந்து காலைத் தட்டுதுன்னு நேத்து சாயங்காலம் ஸ்டேப்ளர் எடுத்து ஓரமா வரிசையா அடிச்சு விட்டேன். இன்னிக்குக் காலையில இருந்து மெயின் பெட்டியில சுவிட்ச் தானா கீழ விழுந்து கரண்ட் போயிட்டே இருக்கு. தூக்கி விட்டா கொஞ்ச நேரம் விழாம நிக்குது, அப்புறம் திடீர்னு விழுது. நான் அடிச்ச ஒயரோட சுவிட்சை ஆஃப் பண்ணி வச்சும் பார்த்துட்டேன், அப்பவும் விழுது. அப்போ ஒயர் காரணம் இல்லைதானே? வேற எதைப் பார்க்கணும்? அம்மா படுக்கையில இருக்காங்க, ஃபேன் நின்னா ரொம்பக் கஷ்டப்படுறாங்க.

மின்சுழல்
எந்த ஒயர்? லேனா (நெட் ஒயரா), டிவி கேபிளா, கரண்ட் ஒயரா? ஸ்டேப்ளர்னா காகிதம் அடிக்கிறதா, கன் மாதிரி இருக்கிறதா? விழுறது எம்சிபியா (ஷார்ட் ஆனாலோ லோடு கூடினாலோ விழுற சின்ன சுவிட்ச்), ஆர்சிசிபியா (கரண்ட் எர்த்துக்கு, அதாவது மண்ணுக்குக் கசிஞ்சா விழுற பெரிய சுவிட்ச்)? இந்த மூணும் தெரியாம யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்பாத்தான் இருக்கும்.

தூறல்
ஓதம்தான். சந்தேகமே வேண்டாம். சுவர்ல ஈரம் இறங்கினா ஜங்ஷன் பாக்ஸ்ல கசிவு வரும், இப்படித்தான் விட்டு விட்டு விழும். எங்க வீட்டுல 2 மாசம் இதே கூத்து. நீங்க ஸ்டேப்ளர் அடிச்ச அன்னிக்கே நடந்தது தற்செயல்.

சீனியர் வயரிங்
தம்பி, ஒயரோட சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்போதும் விழுதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்போ அந்த ஒயர் கணக்குலயே வராது. இது பாலபாடம். 20 வருஷமா இதைத்தான் பார்க்குறேன். ஆர்சிசிபி பழசாகிடுச்சு, உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். புதுசு மாத்துங்க, வேலை முடிஞ்சது.

வேகவண்டி
அதுவரைக்கும் ஆர்சிசிபிய பைபாஸ் பண்ணி நேரா குடுத்துடுங்க. ஃபேனாவது ஓடும்.

மின்சுழல்
@வேகவண்டி இதை எழுதக்கூடாது நண்பா, தயவுசெஞ்சு எடுத்துடுங்க. வீட்டுல முடியாதவங்க இருக்காங்கன்னு சொல்றாங்க. கசிவு இருக்குன்னு அந்தப் பெட்டி சொல்லிட்டு இருக்கு, அதோட வாயைக் கட்டச் சொல்றீங்க. ஒரு பின் ஃபேஸை (கரண்ட் வர்ற கம்பியை) தொட்டிருந்தா, அதை யாராவது கையால தொடுற நொடியில காப்பாத்துறது அது ஒண்ணுதான்.

வேகவண்டி
சரி, அந்தக் கோணத்துல யோசிக்கல. யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

நெல்லிக்கனி
தம்பி இல்ல சார், நான் பொண்ணு. கரண்ட் ஒயர்தான், வெள்ளைக் கலர், உருண்டையா இருக்கும். ஸ்டேப்ளர் கன் டைப், கையால அமுக்குறது. பின் 14 மிமீ, டப்பாவுல இருந்ததைப் போட்டேன். சுவர் இல்ல, கீழ ஓடுற மரப்பட்டை மேல அடிச்சேன், அதனால ஈரம் இல்ல. விழுறது பெருசு, டெஸ்ட் பட்டன் இருக்கு. சின்னது எதுவும் விழல.

தூறல்
மரம்தான் ஈரத்தை அதிகமா உறிஞ்சும்.

மின்சுழல்
எம்சிபி விழல, ஆர்சிசிபி மட்டும் விழுது. நல்ல தகவல். அப்போ ஷார்ட் இல்ல, ஓவர்லோடும் இல்ல, கரண்ட் எங்கயோ எர்த்துக்குப் போகுது. அடுத்தது: எப்ப விழுது? எதையாவது போடும்போதா, சும்மா இருக்கும்போதா?

நெல்லிக்கனி
இப்பதான் கவனிச்சேன். அயர்ன் பாக்ஸ் போட்டா உடனே விழுது. லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடினா விழாம நிக்குது. ஆனா அயர்ன் பாக்ஸ் இருக்கிறது பெட்ரூம்ல, நான் ஒயர் அடிச்சது ஹால்ல.

சீனியர் வயரிங்
அயர்ன் பாக்ஸ்ல லீக்கேஜ். ஆர்சிசிபியும் வீக். ரெண்டையும் மாத்துங்கம்மா. முதல் போஸ்ட்லயே இதைச் சொல்லியிருந்தா நான் அப்பவே முடிச்சிருப்பேன்.

கரண்டி
எங்க வீட்டுலயும் அயர்ன் பாக்ஸ்தான் திருடன். ஹீட்டர் சுருள்ல கசிவு இருந்துச்சு.

நெல்லிக்கனி
கீசர் போட்டுப் பார்த்தேன், அதுக்கும் விழுது. கெட்டிலுக்கும் விழுது. மூணுமே ஒரே நாள்ல கெட்டுப் போகுமா?

பச்சைக்கோடு
ஒரு கேள்வி மட்டும். ஸ்டேப்ளர் அடிச்ச அந்த ஒயர் எங்க இருந்து ஆரம்பிக்குது? சுவருக்குள்ள இருந்து வர்றதா, இல்ல பிளக் போட்டு சாக்கெட்டுல சொருகினதா?

நெல்லிக்கனி
சொருகினதுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மூணு பின் பிளக். அதைச் சொல்லலையா நான்?

பச்சைக்கோடு
இல்லம்மா. அதுதான் முக்கியம். அந்த சாக்கெட்டோட சுவிட்சைத்தானே ஆஃப் பண்ணீங்க? இப்ப பிளக்கையே சாக்கெட்டுல இருந்து உருவிட்டு, அயர்ன் பாக்ஸைப் போடுங்க. விழாம நிக்குதான்னு சொல்லுங்க. பின் எதையும் கையால தொடாதீங்க.

ஏன்னு சொல்லிடுறேன். சாதாரண சாக்கெட் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போற கம்பி) எர்த்தும் சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஒயருக்குள்ள அப்படியே இணைஞ்சு இருக்கும். நீங்க அடிச்ச பின்னோட கால் ஒயருக்குள்ள இறங்கி நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வச்சிருந்தா, சுவிட்சை எத்தனை தடவை ஆஃப் பண்ணாலும் அந்தத் தொடுப்பு போகாது. அந்த சர்க்யூட்டோட எம்சிபிய ஆஃப் பண்ணாலும் போகாது, சிங்கிள் போல் (ஒரு கம்பியை மட்டும் வெட்டுற) எம்சிபியும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும்.

ஆர்சிசிபி ஒரே ஒரு கணக்குதான் போடும்: ஃபேஸ்ல போனதும் நியூட்ரல்ல திரும்பினதும் சமமா? வீட்டுக்குப் போடுறது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். வித்தியாசம் அந்த அளவை எட்டினா விழணும். பாதிக்கு மேல போனாலே சிலது விழுந்துடும். பெட்ரூம்ல 1000 வாட் அயர்ன் பாக்ஸ் போட்டா 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 4.3 ஆம்பியர், அதாவது 4300 மில்லி ஆம்பியர் நியூட்ரல்ல திரும்பணும். ஹால்ல நியூட்ரலும் எர்த்தும் ஒட்டி இருக்கிறதால அதுல ஒரு பங்கு ஆர்சிசிபிக்குப் போகாம எர்த் வழியா ஓடிடும். நூத்துல ஒரு பங்கு வழி மாறினாலே 43 மில்லி ஆம்பியர். விழுந்துடும். ஒரு எல்இடி லைட் எடுக்கிறதே 40 மில்லி ஆம்பியர் பக்கம், அதுல நூத்துல ஒண்ணு எந்தக் கணக்குலயும் வராது. அதனால லைட்டுக்கு விழாம நிக்குது, அயர்ன் பாக்ஸுக்கு விழுது. அயர்ன் பாக்ஸ் பாவம், அது மேல தப்பே இல்ல.

சீனியர் வயரிங்
இதெல்லாம் புத்தகத்துக்கு நல்லா இருக்கும். களத்துல பத்துக்கு எட்டு ஆர்சிசிபி கோளாறுதான்.

பச்சைக்கோடு
ஐயா, உங்க அனுபவத்தைக் குறைச்சு சொல்லல. ஆனா பிளக்கை உருவிப் பார்க்க 5 விநாடி, கைக்காசு செலவில்லை. அதுக்கப்புறமும் விழுந்தா நீங்க சொன்னதைச் செய்யலாம்.

ஆணிக்கிளிப்
பிரச்சினை பின்னுலதான்னு நான் முதல்லயே நினைச்சேன். தட்டைத்தலை பின் துணி, அட்டை, தோல் அடிக்கிறதுக்கு. அதோட உள் அகலம் 10 மிமீக்குள்ளதான் இருக்கும். மூணு கோர் (உள்ள உறை போட்ட மூணு கம்பி) 1.5 சதுர மிமீ உருண்டை ஒயர் 8ல இருந்து 9 மிமீ தடிமன் வரும். ரெண்டு பக்கமும் ஒரு மிமீ கூட இடம் இல்லை. கை இத்தனூண்டு சாய்ஞ்சா ஒரு கால் நேரா ஒயருக்குள்ள. சாயாம இருந்தாலும் கன்னோட அடி தலையைக் கீழ வரைக்கும் தள்ளும், ஒயர் நசுங்கும்.

ஒயருக்குன்னே வளைஞ்ச தலை பின் இருக்கு, டி25 மாதிரி. அந்தக் கன்னோட பிளேடுல பள்ளம் இருக்கும், பின்னை ஒரு உயரத்துல நிறுத்திடும். அது கூட 6 மிமீ வரைக்கும்தான், அதுவும் டெலிபோன், காலிங் பெல், ஸ்பீக்கர் மாதிரி குறைஞ்ச வோல்ட் ஒயருக்கு. கரண்ட் ஒயருக்கு ஆணி வச்ச பிளாஸ்டிக் கிளிப்தான். எத்தனை மிமீன்னு பார்த்து வாங்கி, சுத்தியலால மெதுவா தட்டணும்.

இணையன்
லேன் ஒயருக்கும் ஸ்டேப்ளர் எமன். நான் அடிச்சப்புறம் 1000 எம்பிபிஎஸ் 100க்கு இறங்கிடுச்சு. மோடத்தை ரெண்டு தடவை மாத்தினேன், ஒண்ணும் ஆகல.

மின்சுழல்
அது ஒரு ஜோடி அறுந்ததோட அறிகுறி. கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நாலு ஜோடியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடி போதும். அதனால நெட் நிக்காது, வேகம் மட்டும் இறங்கும்.

சீனியர் வயரிங்
தப்பு. லேனுக்கு எப்பவுமே எட்டு கம்பியும் வேணும்.

மின்சுழல்
100க்கு 1, 2, 3, 6 நம்பர் கம்பி போதும் ஐயா. பழைய வீடுகள்ல ஒரே ஒயரைப் பிரிச்சு ரெண்டு கம்ப்யூட்டருக்குக் குடுத்ததே அதனாலதான்.

இணையன்
ஆமா, டெஸ்டர் வச்சுப் பார்த்ததுல 7, 8 லைட் வரல. பின்னை எடுத்தும் சரியாகல, ஒயரையே மாத்தினேன்.

கரண்டி
மரச்சட்டத்துல வீடு கட்டுற நாடுகள்ல கரண்ட் ஒயரையே ஸ்டேப்பிள் அடிச்சுத்தான் ஓட்டுறாங்க, வீடியோ பார்த்திருக்கேன். அங்க மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?

ஆணிக்கிளிப்
அது வேற பின், வேற ஒயர். அந்த ஒயருக்குன்னு அளவு பார்த்து செஞ்ச அகலமான பின், தலையில பிளாஸ்டிக் இருக்கும், சுத்தியலால அடிக்கிறது. ஒயர் உள்ள லேசா நகரணும், இறுகக் கூடாது. டப்பாவுல கிடந்த பின்னை எடுத்து அடிக்கிறதும் அதுவும் ஒண்ணு இல்ல.

கரண்டி
சரி. ஆனா நிதானமா அடிச்சா தட்டைப் பின்னும் ஒண்ணும் பண்ணாது, நான் ஸ்பீக்கர் ஒயர் அப்படித்தான் அடிச்சிருக்கேன்.

ஆணிக்கிளிப்
ஸ்பீக்கர் ஒயர்ல தப்பு நடந்தா சத்தம் போகும். இங்க தப்பு நடந்தா ஆள் போயிடும். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

நெல்லிக்கனி
பிளக்கை உருவிட்டேன். அயர்ன் பாக்ஸ் ஓடுது. கீசரும் ஓடுது. விழவே இல்லை!!

பச்சைக்கோடு
நல்லது. அந்தப் பிளக்கைத் திரும்ப சொருகாதீங்க, யாரும் தெரியாம சொருகிடாம ஒரு கவர் போட்டுக் கட்டி வைங்க. இப்ப ஒயர்ல கரண்ட் தொடர்பே இல்ல, பின்னைத் தைரியமா எடுக்கலாம். எந்த ஸ்டேப்ளர் பின்னுன்னு தெரிஞ்சுக்கணும்னா மல்டிமீட்டரை பீப் சத்தம் வர்ற இடத்துல வச்சு, பிளக்கோட பெரிய பின்னுக்கும் (எர்த்) சின்னப் பின் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பாருங்க. பாக்ஸ்ல எதுவும் சொருகி இருக்கக் கூடாது. ஒண்ணுக்கு சத்தம் வரும். வந்துட்டே இருக்கும்போது ஸ்டேப்ளர் பின்னை ஒவ்வொண்ணா உருவுங்க. சத்தம் நிக்கிற இடம்தான்.

தூறல்
கண்டுபிடிச்சதும் அந்த இடத்துல இன்சுலேஷன் டேப் சுத்திட்டா போதும், முழு ஒயரையும் வீணாக்க வேண்டாம்.

பச்சைக்கோடு
வேண்டாம் தூறல். ஓட்டை வெளி உறையில மட்டும் இல்ல, உள்ள இருக்கிற கோரோட உறையிலயும் இருக்கு. டேப் வெளியில ஒட்டும், உள்ள கம்பி அம்மணமாத்தான் இருக்கும். இன்னிக்கு நியூட்ரலும் எர்த்தும், நாளைக்கு ஒயர் லேசா மடங்கினா ஃபேஸ். மத்த பின்கள் நசுக்கின இடமும் கண்ணுக்குத் தெரியாது. ஒயர் முழுசா மாத்தணும்.

ஆணிக்கிளிப்
நான் இதுக்கு மேல ஒரு படி போவேன். எப்பவும் அங்க கரண்ட் வேணும்னா எக்ஸ்டென்ஷன் ஒயரை நிரந்தரமா ஓட்டவே கூடாது, எலக்ட்ரீஷியனை வச்சு ஒரு சாக்கெட் போட்டுடுங்க.

சீனியர் வயரிங்
சாக்கெட் போடும்போது ஆர்சிசிபியையும் செக் பண்ணச் சொல்லுங்க. மாசம் ஒருமுறை டெஸ்ட் பட்டன் அமுக்கணும், யாரும் அமுக்குறது இல்ல.

பச்சைக்கோடு
இதுல ஐயா சொல்றது முழுக்க சரி.

எலுமிச்சை
இதே மாதிரி எங்க வீட்டுல மோட்டார் போட்டா மட்டும் விழுது, நாங்க ஸ்டேப்ளர் எல்லாம் அடிக்கல. அதுக்கு என்ன பண்ணலாம்?

மின்சுழல்
தனிப் பதிவா போடுங்க, இதுல கலந்தா ரெண்டும் குழம்பும். போடும்போது விழுறது எது, எப்ப, மோட்டார் எங்க இருக்கு, எல்லாத்தையும் முதல்லயே எழுதிடுங்க.

நெல்லிக்கனி
மீட்டர் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 11 பின். ஏழாவதை உருவினதும் சத்தம் நின்னுடுச்சு. ஒயரை அந்த இடத்துல வெட்டித் திறந்து பார்த்தோம். பின்னோட ஒரு கால் நீல கோரை (நியூட்ரல்) துளைச்சு பச்சை மஞ்சள் கோர் (எர்த்) வரைக்கும் போயிருந்தது. பழுப்பு கோர் (ஃபேஸ்) மேல நகத்தால கீறின மாதிரி ஒரு கோடு, உள்ள இறங்கல. அதைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு, அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கிற பின் அதுதான். ஒயரைத் தூக்கிப் போட்டாச்சு, நாளைக்கு எலக்ட்ரீஷியன் வர்றார். எல்லாருக்கும் நன்றி, பச்சைக்கோடு அண்ணாவுக்கு ரொம்ப.