பொருள்: மறு: அண்டக்கதிர்களுக்கான "ரிஜிடிட்டி" தமிழில்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களே அண்டக்கதிர்கள். காந்தப்புலத்தில் அவை எவ்வளவு வளையாமல் செல்லும் என்பதைக் குறிக்கும் "ரிஜிடிட்டி" (rigidity) என்ற அளவுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனைக்கு என் பதில் இது.

> "காந்த விறைப்பு" என்றே வைத்துக்கொள்ளலாம். புழக்கத்தில் உள்ள சொல்தானே?

புழக்கத்தில் இருப்பதுதான் இங்கே சிக்கல். விறைப்பு என்றதும் கம்பியும் உத்தரமும் நினைவுக்கு வரும். "காந்த" என்று முன்னே சேர்த்தால் காந்தமே விறைத்து நிற்பதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்வார். இந்த அளவோ துகளுக்கு உரியது. துகளின் உந்தத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி, அதன் மின்னூட்டத்தால் வகுத்தால் கிடைப்பது, அலகு வோல்ட். இரு துகள்களுக்கு இது சமமானால், ஒரே புலத்தில் இரண்டும் ஒரே அளவு வளையும். ஒன்று புரோட்டானா, மற்றது இரும்பு அணுக்கருவா என்பது பொருட்டல்ல.

விண்மீன் திரள்களுக்கு இடைப்பட்ட வெளியில் காந்தப்புலம் மிக மெலிது. ஒரு நானோகாஸ் (காந்தப்புல அலகான காஸில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்பதே தாராளமான கணக்கு. அதில் 10²⁰ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு வரும் புரோட்டானின் பாதைக்கு வளைவு ஆரம் ஏறத்தாழ 35 கோடி ஒளியாண்டு. அதே ஆற்றலுள்ள இரும்பு அணுக்கருவுக்கு மின்னூட்டம் 26 மடங்கு. ஆகவே ஆரம் 1.4 கோடி ஒளியாண்டுக்குள் சுருங்கிவிடும்; ஆரம் சிறுத்தால் வளைவு கூடும். நமக்கு அருகில் என்று சொல்லப்படும் சென்டாரஸ் ஏ திரளே சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது! அங்கிருந்து கிளம்பிய இரும்பு, இங்கே எந்தத் திசையிலிருந்து வந்து விழும்? போதாக்குறைக்குப் புலத்தின் திசையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. நம் பால்வழித் திரளின் புலமோ மைக்ரோகாஸ் அளவுக்கு, அதாவது நானோகாஸைப்போல் ஆயிரம் மடங்கு அளவில் வலியது.

2021 மே 27 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் டெலஸ்கோப் அரே என்ற அண்டக்கதிர் ஆய்வகம் பதிவுசெய்த, அமதெராசு என்று பெயரிடப்பட்ட துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் சுமார் 2.4 × 10²⁰ எலெக்ட்ரான்வோல்ட். அது வந்த திசையில் திரள்கள் அரிதான பெருவெற்றிடம். புரோட்டான் என்றால் ஏறக்குறைய நேராக வந்திருக்கும், ஆனால் அந்தப் பக்கம் தகுந்த மூலம் எதுவும் தென்படவில்லை. கனமான அணுக்கரு என்றால் வேறெங்கோ கிளம்பி, வளைந்து வந்திருக்கலாம். இந்த வாதம் முழுவதும் நாம் தேடும் ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது.

என் பரிந்துரை: வளையாமை.

"மின்தடை" போல "வளைதடை" என்றும் யோசித்தேன். "வளைதடி"யோடு குழம்பும். தவிர, தடை என்றால் வெளியிலிருந்து ஏதோ மறிப்பதாகப் பொருள்படும். இங்கே எதுவும் மறிக்கவில்லை.

> எதிர்மறைத் தொழிற்பெயர் அளவைக் குறிக்குமா? கூட்டியும் குறைத்தும் சொல்ல முடியுமா?

தாராளமாக. "கடும் ஒவ்வாமை", "லேசான ஒவ்வாமை" என்று மருத்துவர்கள் தயங்காமல் எழுதுகிறார்கள். "ஆற்றல் ஒன்றே ஆனாலும் புரோட்டானுக்கு வளையாமை மிகுதி, இரும்புக்குக் குறைவு" என்பதும் அப்படியே இயல்பாக வருகிறது.

கூட்டுச்சொல்லிலும் போட்டுப் பார்த்தேன். பூமியின் காந்தப்புலத்தைத் தாண்டி ஓரிடத்தை எட்ட, துகளுக்குக் குறைந்தது இவ்வளவு வளையாமை வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் அது மிக அதிகம். "ஊட்டி கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் செங்குத்தாக வரும் துகள்களுக்கு நுழைவு வளையாமை சுமார் 17 ஜிகாவோல்ட்" என்று எழுதினால் விளக்கம் சேர்க்காமலே புரிகிறது. "நுழைவு" வேண்டுமா, "எல்லை" வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எனக்கு நுழைவே சரியாகப் படுகிறது.