'டாக்' என்பதற்கு விசாரணைக் கூண்டு

நண்பர்களே,

லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியின் கட்டடக்கலை பற்றிய கட்டுரைக்கான தமிழ்ச் சொற்களில் குவிமாடம், முகப்பு, தூண்வரிசை எல்லாம் முடிந்துவிட்டன. பரோக் என்ற கட்டடப் பாணியின் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்தும். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கும் இடத்தைக் குறிக்கும் 'டாக்' (dock) மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. நாளிதழ்களில் நிலைத்துவிட்ட 'குற்றவாளிக் கூண்டு' இருக்கும்போது எதற்குப் புதுச்சொல் என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். 1907இல் ஏழாம் எட்வர்டு திறந்துவைத்த கட்டடம் அது. கட்டடக்கலைஞர் மவுண்ட்ஃபோர்டு அமைத்த முதலாம் எண் நீதிமன்றத்தில் சுவரெல்லாம் ஓக் பலகை. ஒரு பக்கம் உயரத்தில் நீதிபதி இருக்கைகள். வாள் தொங்கும் நடு இருக்கை லண்டன் லார்டு மேயருக்கு உரியது. விசாரிக்கும் நீதிபதி பக்கத்து இருக்கையில்தான் அமர்வார். அதற்கு நேரெதிரே டாக். பலர் சேர்ந்து உட்காரும் அளவுக்கு அகலமானது. சுற்றிலும் மரத் தடுப்பு, அதன்மேல் கண்ணாடி. உள்ளேயே ஒரு படிக்கட்டு கீழே சிறையறைகளுக்கு இறங்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் குவிமாடத்துக்குக் கீழே உள்ள ஓவியக் கூடத்தைப் பார்க்காமலே, அடியிலிருந்து நேராக ஏறிவந்து நீதிபதி முன் நிற்பார். மக்கள் வரும் வழியும் கைதி வரும் வழியும் வேறு வேறு. இரண்டும் சந்திப்பது இந்த அறையில்தான்.

அதனால் 'மேடை' போதாது. அடைப்பும் இல்லை, காவலும் இல்லை அந்தச் சொல்லில். கூண்டு சரி. ஆங்கிலச் சொல்லே ஃபிளெமிஷ் மொழியில் கோழிக்கூண்டு, முயல்கூண்டு என்ற பொருளில் வழங்கியதிலிருந்து வந்ததாகத்தான் அகராதிகள் காட்டுகின்றன.

சிக்கல் 'குற்றவாளி'யில். 1950 ஜனவரியில் திமோதி எவன்ஸ் என்பவரை, சொந்தக் குழந்தையைக் கொன்றதாக ஓல்டு பெய்லியில் விசாரித்தார்கள். மார்ச்சில் தூக்கு. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவர் என்பது 1953இல் வெளிவந்தது. 1966இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள், இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து. கொலைகாரர் சாட்சிக் கூண்டில் நின்ற வழக்கில், எவன்ஸ் நின்ற இடத்தை நாம் குற்றவாளிக் கூண்டு என்று எழுதுவதா? தீர்ப்பு வரும்வரை அங்கே நிற்பவர் குற்றவாளி அல்லர். அந்த அறை முழுவதும் எழுப்பப்பட்டதே அதைத் தீர்மானிக்கத்தான்.

'எதிரிக் கூண்டு' என்ற யோசனையில் நியாயம் உண்டு. நீதிமன்றத் தமிழில் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றுதான் சொல்கிறோம். ஆனால் கட்டடக்கலை படிக்க வரும் வாசகருக்கு எதிரி என்றால் பகைவன். ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு போட முடியாது.

என் பரிந்துரை 'விசாரணைக் கூண்டு'. தண்டனை பெறாமல் சிறையில் இருப்பவரை விசாரணைக் கைதி என்று எல்லோருமே எழுதுகிறோம். அதே வழியில் இது தானாகப் புரியும். சாட்சியையும்தானே விசாரிக்கிறார்கள் என்று கேட்கலாம். அவருக்குச் சாட்சிக் கூண்டு தனியே இருப்பதால் குழப்பம் வராது.

பதிவுக்கான வரைவு: விசாரணைக் கூண்டு, பெயர்ச்சொல். குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையின்போது இருக்கும், தடுப்பால் அடைத்த இடம். மாற்றம் இருந்தால் வரைவிலேயே திருத்தி அனுப்புங்கள்.

அன்புடன்.