புதுப்பிப்பு: அப்பாவின் பெருந்தமனித் தொற்று, கிருமி தெரிந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கத்தில் தொற்று, ஆனால் ரத்த கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மூன்று முறையும் எதுவும் வளரவில்லை, கிருமியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தேன். அறுவை சிகிச்சையில் எடுக்கும் திசுவை 16எஸ் மரபணுச் சோதனைக்கு அனுப்பும் யோசனைதான் கைகொடுத்தது. எல்லா பாக்டீரியாவிலும் உள்ள அந்த மரபணுவைப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி வரிசையைப் படிக்கிறார்கள். கிருமி உயிரோடு வளர வேண்டியதில்லை.

வந்த பெயர் காக்ஸியெல்லா பர்னெட்டி. கியூ காய்ச்சல் கிருமி! செல்லுக்குள் வாழ்வதால் சாதாரண கல்ச்சரில் சிக்காதாம். ஆன்டிபாடி சோதனையும் அதையே சொன்னது. இப்போது டாக்ஸிசைக்ளின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற இரண்டு மருந்துகள். குறைந்தது 18 மாதம்.

எதிர்பாராதது: ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்ட துண்டில் டிஎன்ஏ சிதைந்திருந்தது. நல்லவேளை, கொஞ்சம் திசுவைத் தனியே உறையவைத்திருந்தார்கள். இப்படித் தனியே உறையவைப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.